ஓடுவோர் நாடி

பினாங்குத் தீவையும் பெருநிலத்தையும் இணைக்கும் முதற்பாலம் 1985 ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. அதன் நீளம் 13.5 கிலோமீட்டர். ஆண்டின் பிற்பகுதியில் நடைபெறும் பினாங்குப் பால நெட்டோட்டப் போட்டிக்காக அப்பாலத்தின் வழி ஓட்டக்காரர்களுக்கென ஒதுக்கப்படுவதுண்டு. முழு ஓட்டத்தின் தொலைவு 42.195 கிலோமீட்டர். வெயிலுக்கு அஞ்சி, நள்ளிரவு கழிந்த இருளிலேயே ஓட்டம் தொடங்கிவிடுகிறது. ஜார்ஜ் டவுன் உறங்கும் வேளையில் ஆயிரக்கணக்கானோர் கடலுக்கு மேலே ஓடிக்கொண்டிருப்பர். அவர்களுள் ஆசிரியர் உண்டு, எழுத்தர் உண்டு, தொழிற்சாலைத் தொழிலாளரும் உண்டு. பரிசை எண்ணி ஓடுவோர் மிகச் சிலரே.

இவ்வாறு ஆண்டுக்கணக்கில் ஓடிப் பழகிய ஒருவர் காப்புறுதிக்காக ஒரு கிளினிக்குக்குச் சென்று நாடி பார்த்துக்கொள்கிறார் என வைத்துக்கொள்வோம். தாதி எண்ணிப் பார்க்கிறார், நிமிடத்துக்கு 44. மறுபடியும் எண்ணுகிறார், அதே 44. வளர்ந்தோர் ஓய்வாக இருக்கையில் நாடி 60 முதல் 100 வரை துடிக்கும் என்பது பாடநூல் கூறும் அளவு. ஆகவே தாதி கலங்குவதில் வியப்பில்லை. இதயத்தின் மின்வரைவை எடுத்தால், அதிலும் பாடநூலுக்கு மாறான கோடுகள் சில தென்படலாம். அவர் நோயாளியா, அன்றிப் பிறரினும் வலிய இதயம் உடையவரா? இரண்டுக்கும் ஒரே அறிகுறி இருத்தல் கூடும் என்பதே இங்குள்ள இடர்ப்பாடு. நோயில்லாதவரை நோயாளி என்றால் அவர் வாழ்வு முடங்கும். நோயுள்ளவரை நலமுடையவர் என்றாலோ உயிரே போகக்கூடும். மருத்துவ உலகம் இவ்விரு பிழைகளுக்கும் இடையே வழி தேடிய வரலாறு நூறாண்டுக்கும் மேற்பட்டது.

முதலில் இதயத்தின் தாளம் எவ்வாறு பிறக்கிறது என்பதை அறிதல் வேண்டும். இதயத்தின் வலது மேலறைச் சுவரில் மிகச் சிறிய தசைத்திரள் ஒன்று இருக்கிறது. அதற்குச் சைனஸ் கணு என்பது பெயர். 1907 இல் ஆர்தர் கீத், மார்ட்டின் ஃபிளாக் என்னும் இருவர் அதனைக் கண்டறிந்தனர். அக்கணு தானாகவே மின்னலையை எழுப்ப, அது மேலறைகளில் பரவி, இடையிலுள்ள மற்றொரு கணுவில் சற்றே தாமதித்து, பின்னர்க் கீழறைகளுக்கு இறங்குகிறது. அந்த இடைக்கணுவை 1906 இல் விளக்கியவர் ஜெர்மனியில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த சுனாவோ தவாரா என்னும் ஜப்பானியர். இடைக்கணுவில் ஏற்படும் தாமதம் வீணானதன்று. மேலறையிலுள்ள இரத்தம் கீழறைக்குள் இறங்கி முடிய அந்த நொடிப்பொழுது தேவைப்படுகிறது.

நாடியைத் தொட்டு நோயறியும் கலை நம்மவர்க்குப் புதிதன்று. வாதம், பித்தம், கபம் என மூவிரல் வைத்து உணரும் முறை தமிழ் மருத்துவத்தில் நெடுங்காலமாக வழங்கி வருகிறது. ஆனால் மேலைநாட்டிலும் இதயத் தாளத்தின் நுட்பமொன்றை முதன்முதலில் வெளிப்படுத்தியது மணிக்கட்டு நாடியே என்பது பலர் அறியாத செய்தி. டச்சு மருத்துவர் வெங்கபாக், நாடித்துடிப்பைத் தாளில் கோடாகப் பதிக்கும் கருவியைக் கொண்டு, ஒழுங்காகத் துடித்து வரும் நாடியில் முறைவைத்து ஒரு துடிப்பு விடுபடுவதை 1899 இல் விளக்கினார். மேலறைக்கும் கீழறைக்கும் இடையிலான தாமதம் ஒவ்வொரு துடிப்பிலும் சிறிது சிறிதாக நீள்கிறது. முடிவில் ஒரு துடிப்பு கீழே இறங்காமலே நின்றுவிடுகிறது. பின்பு கணக்கு மீண்டும் முதலிலிருந்து தொடங்குகிறது. மின்வரைவுக் கருவி மருத்துவமனைக்கு வருமுன்னரே அவர் இதனை ஊகித்துணர்ந்தார். இது நெடுந்தொலைவு ஓடுவோரிடம், குறிப்பாக உறக்கத்தில், அடிக்கடி காணப்படும் தாளம். அவர்களைப் பொறுத்தவரை பெரும்பாலும் தீங்கற்றது. அறியாதார் இதனை நோயென்றே கொள்வர்.

மின்வரைவுக் கருவியைத் தந்த வில்லெம் ஐந்தோவன் பிறந்த ஊர் நமக்கு அண்மையில்தான் இருக்கிறது. நம் முன்னோர் சாவகம் என அழைத்த ஜாவாத் தீவின் செமாராங் நகரில் 1860 இல் அவர் பிறந்தார். பின்னர் ஹாலந்து சென்று லெய்டன் பல்கலைக்கழகப் பேராசிரியரானார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர் அமைத்த கருவியின் எடை ஏறத்தாழ 270 கிலோ. அதனை இயக்க ஐவர் வேண்டியிருந்தது. நோயாளி இரு கைகளையும் ஒரு காலையும் உப்புநீர்க் கலங்களில் அமிழ்த்தி அமர்ந்திருக்க வேண்டும். 1924 இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இன்று நெஞ்சிலும் கைகால்களிலும் சிறு பொட்டுகளை ஒட்டிச் சில நிமிடங்களில் எடுத்து முடிக்கும் ஈ.சி.ஜி. அக்கருவியின் வழிவந்ததே.

ஆனால் ஓட்டக்காரரின் இதயம் வேறுபட்டது என்பதைக் கண்டறிய மின்சாரம்கூடத் தேவைப்படவில்லை. சுவீடன் நாட்டின் உப்சாலா நகரில் ஹென்ஷன் என்னும் மருத்துவர், பனிச்சறுக்கில் நெடுந்தொலைவு செல்லும் வீரர்களின் நெஞ்சை விரலால் தட்டி, ஒலி வேறுபாட்டைக் கொண்டே இதயத்தின் எல்லையை அளந்தார். அவர்களது இதயம் பெரிதாக இருந்தது. அப்பெருக்கம் நோயன்று, மிகுதியான வேலையைச் செய்ய இதயம் தன்னைத் தகுதிப்படுத்திக் கொண்டதன் அடையாளம் என்று 1899 இல் அவர் எழுதினார். விரல்நுனியைக் கொண்டு அவர் கண்ட முடிவை, பிற்காலத்து ஒலியலைக் கருவிகள் உறுதி செய்தனவே தவிர மாற்றவில்லை.

எனினும் மருத்துவர் எல்லாரும் ஹென்ஷன் அல்லர். அமெரிக்காவில் கிளாரன்ஸ் டிமார் என்னும் ஓட்டக்காரர் இருந்தார். 1911 ஆம் ஆண்டுப் பாஸ்டன் நெட்டோட்டத்துக்கு முன் அவரைச் சோதித்த மருத்துவர், இதயத்தில் முணுமுணுப்பு ஒலி கேட்பதாகக் கூறி, இதுவே கடைசி ஓட்டமாக இருக்கட்டும் என எச்சரித்தார். டிமார் அன்று முதற்பரிசு பெற்றார். ஆயினும் அவ்வெச்சரிக்கையும் வேறு காரணங்களும் சேர்ந்து, அவருடைய ஓட்ட வாழ்வின் சிறந்த ஆண்டுகள் பலவற்றை அவரிடமிருந்து பறித்தன. மீண்டும் வந்து 1922, 1923, 1924, 1927, 1928, 1930 ஆகிய ஆண்டுகளிலும் பாஸ்டனில் வென்றார். மொத்தம் ஏழு வெற்றிகள். கடைசி வெற்றியின்போது வயது 41. அச்சுத்தொழில் கற்ற அவர், ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி ஒன்றில் அத்தொழிலைக் கற்பித்தும் வந்தார் என்பது ஆசிரியர்களாகிய வாசகர்க்கு உவப்பான செய்தியாக இருக்கும். 1958 இல் அவர் இறந்தது புற்றுநோயால். இறந்த பின் அவருடைய இதயத்தை ஆராய்ந்து, புகழ்பெற்ற இதய மருத்துவர் பால் டட்லி ஒயிட்டும் அவர்தம் தோழர் ஒருவரும் 1961 இல் கட்டுரை வெளியிட்டனர். இதயத்துக்கு இரத்தம் கொணரும் நாளங்கள் சராசரி மனிதருக்கு உள்ளனவற்றைப் போல் இரண்டு மூன்று மடங்கு அகன்றிருந்தன.

டிமாரிடம் கேட்ட முணுமுணுப்பு ஒலி வேறு, தாளக்கேடு வேறு. ஆயினும் நிகழ்ந்த பிழையின் தன்மை ஒன்றே. ஒரே ஓர் அறிகுறியை, அதற்குரிய மனிதரிடமிருந்து பிரித்து வைத்துப் பார்த்ததே அப்பிழை.

ஓடுவோரின் நாடி ஏன் தணிகிறது? நிமிடத்துக்கு 70 முறை துடிக்கும் இதயம் ஒரு நாளில் 100,800 முறை துடிக்கும். 45 முறை துடிப்பதோ 64,800 முறைதான். பயிற்சியால் அறை விரிந்து, ஒரு துடிப்பில் மிகுதியான இரத்தத்தை அனுப்பவல்ல இதயத்துக்கு அதுவே போதும். இதயத்தை அமைதிப்படுத்தும் வேகஸ் நரம்பின் ஆட்சி ஓட்டக்காரரிடம் மிகுவதே இதற்குக் காரணம் என நெடுங்காலம் கற்பித்து வந்தனர். எலிகளுக்குப் பயிற்சி அளித்துச் செய்த ஆராய்ச்சியொன்று 2014 இல் வெளிவந்தது. சைனஸ் கணுவின் உயிரணுக்களே பயிற்சியால் மாறுகின்றன என அது காட்டியது. இரண்டு காரணங்களும் சேர்ந்திருத்தல் கூடும்.

இம்மாற்றம் எல்லா விளையாட்டு வீரர்க்கும் ஒரே அளவில் நிகழ்வதன்று. 1966 பாங்காக் ஆசியப் போட்டியில் மலேசியாவுக்கு மூன்று தங்கம் வென்ற மணி ஜெகதீசன் தாமே மருத்துவரும் ஆவார். ஆனால் அவருடைய 200 மீட்டர் ஓட்டம் 21 வினாடிகளுக்குள் முடிந்துவிடுவது. மணிக்கணக்கில் ஓடும் நெட்டோட்டக்காரர், மிதிவண்டி வீரர், படகு வலிப்போர் ஆகியோரிடமே இதயம் மிகவும் விரிந்து, நாடி மிகவும் தணிகிறது. எனவே, ‘என்ன விளையாட்டு, எத்தனை ஆண்டு, வாரத்துக்கு எத்தனை மணி?’ என்று கேளாமல் மின்வரைவைப் படிக்கும் மருத்துவர், முன்னுரையைப் படிக்காமல் நூலுக்கு உரை எழுதுபவரை ஒப்பர்.

இதற்கென 2013 இல் சியாட்டில் நகரின் பெயரால் ஒரு நெறிமுறை வகுக்கப்பட்டது. 2017 இல் அது திருத்தப்பட்டு உலகப் பொதுநெறியாயிற்று. அதன்படி, பயிற்சி பெற்ற வீரரிடம் 30 வரை தணிந்த நாடியும், மேலறை கீழறைகளிடையே ஓரளவு நீண்ட தாமதமும், வெங்கபாக் கண்ட தாளமும் தம்மளவில் நோயாகா. நாடி 30க்கும் கீழே இறங்குதல், மேலறையின் துடிப்பு கீழறைக்குச் சென்று சேராமல் முற்றும் அறுபடுதல், பத்து வினாடிப் பதிவில் கீழறையிலிருந்து முந்திப் பிறக்கும் துடிப்புகள் இரண்டோ அதற்கு மேலோ இருத்தல் முதலியன மேலும் ஆராயத்தக்கவை. மின்வரைவில் டி என்று குறிக்கப்படும் அலை, நெஞ்சின் இடப்பக்கப் பதிவுகளில் தலைகீழாகத் தோன்றினாலும் இவ்வாறே. அதன் பின்னால் இதயத்தசை தடித்துப்போகும் பரம்பரை நோய் மறைந்திருக்கலாம். ஆப்பிரிக்க வழியினரிடம் முன்பக்கப் பதிவுகள் சிலவற்றில் இவ்வலை தலைகீழாக இருப்பதும் இயல்பே என நெறிமுறை தனியே குறித்திருக்கிறது. ஓரினத்தாரின் அளவுகோலை மற்றோரினத்தார்மேல் வைத்தல் ஆகாது என்னும் உண்மை இதனால் புலப்படும்.

ஐயம் தீர்க்கும் வழிகளுள் மிக எளியதும் மிகப் பழையதும் ஒன்றுண்டு. நோயாளியை எழுந்து நடக்கவோ படியேறவோ செய்வதே அது. பயிற்சியால் தணிந்த நாடி, உடல் உழைக்கத் தொடங்கியதும் தயக்கமின்றி உயர்கிறது. விடுபட்ட துடிப்புகள் மறைகின்றன. நோயால் தணிந்த நாடியோ தேவைக்கேற்ப எழமாட்டாமல் திணறும். ஓடும் பட்டைமேல் ஓடவிட்டு மின்வரைவு எடுக்கும் சோதனையின் உட்பொருள் இதுதான். உழைக்கையில் மறையும் முந்துதுடிப்பைக் காட்டிலும், உழைக்க உழைக்கப் பெருகும் முந்துதுடிப்பே அஞ்சத்தக்கது. இதிலும் தெளிவு பிறவாவிடில், பயிற்சியைச் சில வாரங்களோ மாதங்களோ நிறுத்தச் சொல்லி மீண்டும் அளப்பர். பயிற்சியால் வந்தவை ஓய்வில் தணியும். நோயால் வந்தவை நிற்கும்.

எப்போதாவது தோன்றி மறையும் தாளக்கேட்டை ஒரு நிமிடச் சோதனையில் பிடித்தல் அரிது. நார்மன் ஹோல்டர் என்னும் அமெரிக்கர், நடமாடும் மனிதரின் மின்வரைவைப் பதிய முயன்று, 1940களின் இறுதியில் சுமார் 38 கிலோ எடையுள்ள கருவியை முதுகில் சுமந்தார். இன்று அவர் பெயரால் வழங்கும் கருவி சட்டைப்பையில் அடங்கும். கைக்கடிகாரங்களும் இப்பணிக்கு வந்துவிட்டன. அவற்றுள் பல, தோலுக்குள் ஒளியைச் செலுத்தி இரத்த ஓட்டத்தைக் கணிப்பவை. ஓடும்போது கையசைவால் காலடிகளையே நாடியாக எண்ணிவிடும் பிழை அவற்றில் நேர்வதுண்டு. நிமிடத்துக்கு 170 அடி வைத்து மெதுவாக ஓடுபவரின் நாடி 170 எனக் கடிகாரம் கூறினால், முதலில் ஐயுற வேண்டியது இதயத்தையன்று, கடிகாரத்தை.

கருவிகள் இத்தனை இருந்தும், அவற்றினும் மதிப்புடையது ஒரு கேள்வி. மயங்கி விழுந்தவர் எப்போது விழுந்தார்? எல்லைக்கோட்டைக் கடந்து நின்ற பின் விழுந்தாரெனில், பெரும்பாலும் காரணம் எளியது. ஓடுங்கால் கெண்டைக்கால் தசைகள் இரத்தத்தை மேலே தள்ளிக்கொண்டிருந்தன. திடுமென நின்றதும் அத்துணை அற்றுப்போக, இரத்தம் கால்களில் தேங்கி மூளைக்குக் குறைகிறது. படுக்கவைத்துக் கால்களை உயர்த்தினால் சிறிது நேரத்தில் தெளிவர். பினாங்கின் புழுக்கத்தில் வியர்வையால் நீரிழந்தவர்க்கு இது இன்னும் எளிதில் நேரும். ஆனால் ஓட்டத்தின் நடுவே, முன்னறிவிப்பின்றி, வெட்டுண்ட மரம்போல் விழுந்தவர் வேறு வகையினர். அவர் சில நொடிகளில் தாமாகவே எழுந்துவிட்டாலும், ‘காலையில் பசியாறவில்லை போலும்’ என்று விட்டுவிடலாகாது. தாளம் ஒரு கணம் தப்பி மீண்டிருக்கலாம். அடுத்த முறை மீளாமலும் போகலாம்.

இளைஞரிடம் இவ்வாறு நேர்வதற்குப் பரம்பரைக் கோளாறுகளே பெரும்பாலும் காரணம். அவற்றுள் ஒன்று நம் வட்டாரத்துக்கு நெருக்கமானது. தாய்லாந்திலும் பிலிப்பீன்சிலும் நலமுடைய ஆடவர் இரவில் உறக்கத்திலேயே இறந்துபோவதை அந்நாட்டார் பேயின் செயலென அஞ்சி வந்தனர். அம்மரணங்களுள் பலவற்றுக்குக் காரணமான மின்கோளாற்றைப் புருகாடா என்னும் உடன்பிறந்தார் இருவர் 1992 இல் விளக்கினர். காய்ச்சல் வரும்போது இக்கோளாறு வெளிப்படுதல் உண்டு. காய்ச்சலோடு ஓடக் கூடாது என்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. கிருமிகளால் வரும் காய்ச்சல் சிலரிடம் இதயத்தசையையும் தாக்கும். அவ்வாறு தாக்குண்டவர் மூன்று முதல் ஆறு திங்கள் போட்டிகளை விட்டு விலகியிருக்க வேண்டுமென மருத்துவர் கூறுவர்.

நாற்பதைக் கடந்தோரிடம் கதை வேறு. அங்கே முதலெதிரி நாள அடைப்பு. தெற்காசியரிடம் முதல் மாரடைப்பு வரும் நடுவயது 53, ஏனைய நாட்டாரிடம் ஏறத்தாழ 59 எனப் பல நாடுகளில் நடந்த ஆராய்ச்சியொன்று 2007 இல் தெரிவித்தது. ஆகவே தமிழர் ஒருவர் நாற்பத்தைந்தில் ஓடத் தொடங்குவாராயின், காலணி வாங்குமுன் இரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு ஆகியவற்றை அளந்துகொள்ளுதல் தகும்.

பல்லாண்டு ஓடியவரிடம் மற்றொன்றும் வரக்கூடும். மேலறை ஒழுங்காகச் சுருங்காமல் நடுநடுங்கும் நிலை அது. நாடி எவ்வகைத் தாளத்துக்கும் அடங்காமல் தாறுமாறாகத் துடிக்கும். வழக்கமான மேட்டில் காரணமின்றி மூச்சிரைப்பதும், இரவில் நெஞ்சு படபடப்பதும் அதன் தொடக்கமாக இருக்கலாம். கவனியாது விட்டால் இரத்தம் கட்டி மூளைக்குச் சென்று பக்கவாதம் வர இடமுண்டு. சுவீடனின் 90 கிலோமீட்டர் வாசலோப்பெட் பனிச்சறுக்குப் போட்டியை 1989 முதல் 1998 வரை நிறைவு செய்த 52,755 பேரை ஆராய்ந்தனர். ஒருமுறை மட்டும் சென்றவரைவிட, ஐந்து முறையோ அதற்கு மேலோ சென்றவரிடம் தாளக்கேடு ஏறத்தாழ 30 விழுக்காடு மிகுந்திருந்தது. அளவான உடற்பயிற்சி இந்நடுக்கத்தைக் குறைக்கிறது என்பதும் மெய்யே. பெண்களிடம் மிகைப்பயிற்சியின் தீங்கு இவ்வளவு தெளிவாகத் தென்படவில்லை.

இவற்றைப் படித்து எவரும் ஓட்டத்தை அஞ்ச வேண்டியதில்லை. 2000 முதல் 2010 வரை அமெரிக்காவில் முழு, அரை நெட்டோட்டங்களில் ஓடிய 1 கோடியே 9 இலட்சம் பேரில் இதயம் நின்றவர் 59 பேர். அவர்களுள் இறந்தவர் 42 பேர்.

அந்தச் சிலரை முன்னரே கண்டறிய இயலாதா? இத்தாலி 1982 முதல் போட்டியிடும் வீரர் அனைவர்க்கும் மின்வரைவைக் கட்டாயமாக்கியது. வெனெட்டோ மாநிலத்தில் வீரரிடையே திடீர் மரணம் ஆண்டுக்கு இலட்சத்துக்கு 3.6 ஆக இருந்தது 0.4 ஆகக் குறைந்தது என 2006 இல் அறிவித்தனர். அதைப் பார்த்து உலகமே பின்பற்றியிருக்கும். ஆனால் 1997 இல் இதேபோல் சட்டமியற்றிய இஸ்ரேலில் மரணம் குறைந்ததாகக் காணப்படவில்லை என 2011 இல் மற்றோர் ஆராய்ச்சி கூறிற்று. அமெரிக்க மருத்துவர் பலர் கேள்விகளும் உடற்சோதனையும் போதும் என்கின்றனர். மின்வரைவைப் படிக்கத் தெரிந்தவர் இல்லாத இடத்தில் அதனைக் கட்டாயமாக்கினால் டிமார்கள் பலர் உருவாவர் என்னும் வாதத்தைத் தள்ளிவிட முடியாது. சோதனையில் தேறியவரும் விழுவதுண்டு. டென்மார்க்கின் கால்பந்து வீரர் கிறிஸ்டியன் எரிக்சன், 2021 சூன் 12 அன்று ஆட்டத்தின் நடுவே விழுந்தார். தொழில்முறை வீரர்க்குரிய சோதனைகளைக் கடந்து வந்தவர் அவர். அவரைக் காத்தது களத்திலேயே கிடைத்த சிகிச்சை.

நம் பள்ளிகளில் குறுக்கோட்டம் நடத்தும் ஆசிரியரிடம் மின்வரைவுக் கருவி இராது. கேள்விகள் இருக்கும். ஓடும்போது எப்போதாவது மயங்கினாயா? நெஞ்சு வலித்ததா? குடும்பத்தில் ஐம்பது வயதுக்குள் எவரேனும் திடீரென இறந்ததுண்டா? இந்த வாரம் காய்ச்சல் இருந்ததா? மூன்றாவது கேள்வியைப் பெற்றோரிடமே கேட்க வேண்டும், பிள்ளைகள் அறியமாட்டார்கள். முதல் மூன்றில் ஒன்றுக்கு ‘ஆம்’ என விடை வந்தாலும், அம்மாணவர் மருத்துவரைக் கண்ட பின்னரே ஓடலாம்.

ஓடுகையில் விழுந்த மாணவர் அழைத்தும் அசையாமல், இயல்பாக மூச்சு விடாமல் கிடந்தால், நாடியைத் தேடிக்கொண்டிருத்தல் காலக்கழிவு. 999க்கு அழைத்துவிட்டு, மார்பின் நடுவே நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, வளர்ந்தவராயின் ஐந்து சென்டிமீட்டருக்குக் குறையாத ஆழத்துக்கு அழுத்த வேண்டும். தாளத்தை மீட்கும் தானியங்கி மின்னதிர்ச்சிக் கருவி அருகில் உண்டெனில் ஒருவரை அனுப்பிக் கொணரச் செய்ய வேண்டும். அதிர்ச்சி கொடுக்கத் தாமதமாகும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 விழுக்காடு வரை குறைகிறது. இடைவிடாது அழுத்திக்கொண்டிருந்தால் அவ்வீழ்ச்சி பாதியளவே. கருவி எந்த அறையில் இருக்கிறது, அவ்வறையின் சாவி யாரிடம் இருக்கிறது என்பதை ஓட்டம் தொடங்குமுன் கேட்டு வைத்துக்கொள்ளுதல் வேண்டும்.